தடை உத்தரவு ஏன் பகிரங்கமாக இருக்க வேண்டும்?

அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ்ரோட்ஸ்' என்ற ஆங்கில வார இதழ் தன் எல்லைக்குள் நுழையக் கூடாது என்று 1950 மார்ச் 1 அன்று சென்னை அரசு தடை விதித்தது. தடைக்குக் கைகொடுத்தது 1949ஆம் ஆண்டின் பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டம். உத்தரவு எண்ணோடும் தேதியோடும் புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழில் வெளியானது. தடை தவறானதுதான், ஆனால் ஒளிவுமறைவு இல்லாதது. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்பது கையில் இருந்ததால் தாப்பர் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். மே 26 அன்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய பதஞ்சலி சாஸ்திரி, 'பொதுப் பாதுகாப்பு' என்ற அகலமான காரணத்தைக் காட்டிப் பத்திரிகையை முடக்க முடியாது என்றார். இதழைப் பரப்பும் உரிமையும் கருத்துரிமைக்குள் அடக்கம் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

அரசு சும்மா இருக்கவில்லை. அடுத்த ஆண்டே முதலாவது திருத்தம் வந்தது. பொது ஒழுங்கு, குற்றம் செய்யத் தூண்டுதல், அயல்நாடுகளுடனான நட்புறவு ஆகியவை கருத்துரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களாகச் சேர்ந்தன. கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற ஒரு சொல்லும் கூடவே வந்தது. அன்றிலிருந்து நீதிமன்றங்கள் பிடித்துத் தொங்குவது அந்தச் சொல்லைத்தான்.

நெருக்கடி நிலையின் தணிக்கைகூடத் தடயம் விட்டது. 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தலையங்கப் பகுதியை வெற்றிடமாக விட்டு அச்சிட்டபோது, என்ன நடக்கிறது என்று வாசகருக்குப் புரிந்தது. 1987இல், அமைச்சரையும் சட்டமன்ற உறுப்பினரையும் கேலி செய்த ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காக 'ஆனந்த விகடன்' ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழக சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே விடுவித்தார்கள். பின்னர் அவர் வழக்குத் தொடுத்து, 1,000 ரூபாய் இழப்பீட்டுத் தீர்ப்பும் பெற்றார். தண்டித்தது யார் என்று ஊருக்கே தெரிந்திருந்ததால் இது நடந்தது.

இணைய காலத்தில் மாறியது இதுதான். இணையப் பதிவுகளுக்காகத் தண்டிக்க வழிசெய்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததை எல்லோரும் கொண்டாடினோம். அதே தீர்ப்பு, தளங்களை முடக்கும் 69ஏ பிரிவைச் செல்லும் என்றது பலர் கவனத்தில் படவில்லை. முடக்கத்துக்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், பாதிக்கப்பட்டவர் அதை எதிர்த்து ரிட் மனு போடலாம் என்பவை அதற்குச் சொன்ன நியாயங்களில் முக்கியமானவை. ஆனால் 2009ஆம் ஆண்டு முடக்க விதிகளில் 16ஆவது விதி, புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. பார்க்கவே முடியாத உத்தரவை எதிர்த்து எப்படி மனு எழுதுவது?

2025 பிப்ரவரி 15 மாலை விகடன் இணையதளம் பல வாசகர்களுக்குத் திறக்கவில்லை. 'விகடன் பிளஸ்' மின்னிதழில் டிரம்ப் அருகே பிரதமர் மோடி விலங்குடன் அமர்ந்திருக்கும் கார்ட்டூன் வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. முன்னறிவிப்பு இல்லை. இணைப்புக் கோளாறா, சர்வர் கோளாறா, அரசின் கையா என்று வாசகருக்கு விளங்கவில்லை. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் நோட்டீஸ் தளம் முடங்கிய பிறகே வந்தது. ஒரு படத்துக்காக மொத்தத் தளமும் மூடப்பட்டது என்பதை எந்த அளவுகோலாலும் 'நியாயமான' கட்டுப்பாடாக ஏற்க முடியாது. இந்த முடக்கத்துக்குப் பயன்பட்ட 69ஏ அடுக்கும் காரணங்களிலும், 1951இல் நுழைந்த அந்த 'அயல்நாட்டு நட்புறவு' இருக்கிறது. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம், கார்ட்டூனைத் தற்காலிகமாக நீக்கினால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று இடைக்கால உத்தரவிட்டது. வாசகருக்குத் தளம் திரும்பக் கிடைத்தது. அதற்கு விலையாகப் போனது கார்ட்டூன்.

காஷ்மீர் இணைய முடக்கம் பற்றிய அனுராதா பாசின் வழக்கில், 2020 ஜனவரி 10 அன்று, முடக்க உத்தரவுகளை அரசு வெளியிட்டே ஆக வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். ஒரு மாவட்டத்தின் இணையத்தை நிறுத்தும் உத்தரவையே ஊரறிய வெளியிட வேண்டுமென்றால், ஒரு பத்திரிகையின் தளத்தை நிறுத்தும் உத்தரவுக்கு மட்டும் ரகசியம் எதற்கு? 16ஆவது விதியை நீக்கிவிட்டு, முடக்க உத்தரவு ஒவ்வொன்றையும் காரணத்தோடு அரசிதழில் வெளியிடச் செய்ய வேண்டும். 1950இல் ஒரு மாநில அரசால் முடிந்தது இது.