நடுவில் வந்தவருக்குக் கதை: பாரதக் கூத்தில் கட்டியக்காரனின் பணி

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் திரௌபதியம்மன் கோயில்களிலும் தருமராசா கோயில்களிலும் கோடையில் நடக்கும் பாரத விழாவில், பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்வார். இரவில் கூத்து ஜமா (குழு) அக்கதையை ஆடும். வில் வளைப்பு, சூது, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, கர்ண மோட்சம் என நகரும் கதை, பதினெட்டாம் போரின் படுகளத்தோடும் தீமிதியோடும் நிறைவடையும். எல்லா இரவும் விடாமல் பார்ப்பவர்கள் குறைவு. துகிலுரிதல் அன்று வருபவர் சூதாட்டத்தைப் பார்த்திருக்க மாட்டார். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக உள்ளவர்கள் ஏராளம். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்து, அசோக் லேலண்ட், டைட்டன் போன்ற ஆலைகள் வந்த பிறகு வெளியூர்த் தொழிலாளர்களும் அங்கே குடியேறினர். நீண்ட கதைக்குள் நடுவில் வருபவரை அழைத்துக்கொள்வது கூத்துக்கு என்றைக்கும் உள்ள வேலை. அந்த வேலையைச் செய்பவன், மேடைக்கு வரும் வேஷங்களை விசாரித்து அறிமுகம் செய்யும் கட்டியக்காரன் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கட்டியக்காரனைப் பற்றிச் செல்வாக்கு மிக்க வாசிப்பைத் தந்தவர் டேவிட் ஷுல்மன். தென்னிந்தியத் தொன்மங்களிலும் கவிதையிலும் அரசனையும் கோமாளியையும் ஆராயும் அவருடைய நூல் 1985இல் வெளிவந்தது. வடமொழி நாடகத்தின் விதூஷகன், தெனாலிராமன் ஆகியோரின் வரிசையில் அவர் கட்டியக்காரனை வைக்கிறார். அரசனின் பெருமிதத்தைக் குலைப்பவன், ஒழுங்கின் எல்லைகளை இளக்கிக் காட்டுபவன் என்பது அந்த வாசிப்பின் சாரம். இதற்கு மேடையிலேயே ஆதாரம் உண்டு. துரியோதனனைக் கட்டியக்காரன் கிண்டல் செய்வான், சொன்னதைத் திரித்துச் சொல்வான், அரச சபையில் ஊர்ப் பேச்சைக் கொண்டுவந்து போடுவான். பல ஊர்களில் அவனுக்குக் கோமாளி என்றே பெயர்.

ஆனால் இந்த வாசிப்பு, சிரிப்பு எழும் இடத்தைக் கவனித்த அளவுக்கு அது எந்த வேலையின் நடுவே எழுகிறது என்பதைக் கவனிக்கவில்லை. கட்டியக்காரனின் கிண்டல் கூத்து முழுவதும் ஒரே சீராகப் பரவிக் கிடப்பதில்லை. வேஷங்கள் களரிக்குள் (ஆடுகளத்துக்குள்) வரும் நேரத்தில்தான் அது அடர்த்தியாகிறது. அரசனைக் குலைப்பதே அவனுடைய முதல் நோக்கமாக இருந்தால், அரசன் தோற்கும் கட்டங்களில் அவன் ஓங்கி நிற்க வேண்டும். படுகளத்தில் துரியோதனன் விழும்போது பெருமிதம் முற்றாகக் குலைகிறது. அங்கே கோமாளிக்கு வேலையே இல்லை. ஷுல்மனின் விளக்கம் இந்த இடப்பங்கீட்டுக்கு விடை தரவில்லை.

துரியோதனன் வரவை நெருங்கிப் பார்த்தால் இது தெளிவாகும். இருவர் திரையைப் பிடித்து நிற்பார்கள். மேலே கிரீடத்தின் நுனியும் கீழே சலங்கைக் கால்களும் மட்டும் தெரியும். திரைக்குள்ளிருந்தே வேஷக்காரர் தன் வரவைப் பாட, பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவார்கள். திரை விலகியதும் கட்டியக்காரன் விசாரிக்கத் தொடங்குவான்: யார், எந்த நாடு, யாருடைய பிள்ளை, உடன்பிறந்தார் எத்தனை பேர், இந்த நேரத்தில் சபை கூட்டிய காரணம் என்ன? அத்தினாபுரம், திருதராட்டிரன், நூற்றுவரில் மூத்தவன், மாமன் சகுனி, நண்பன் கர்ணன், பாண்டவரோடு வந்த பகை என்று பதில்கள் ஒவ்வொன்றாக வெளிவரும். நேற்றைய கதையும் இன்றைய கதையும் இந்தப் பதில்களில் இணைந்துவிடும். தெரியாதவனாக நடித்து, பார்வையாளர் கேட்க வேண்டியதைக் கட்டியக்காரனே கேட்டுவிடுகிறான். புதிதாக வந்தவரின் இடத்தில் நிற்பவன் அவன். சிரிப்பு இந்த விசாரணையைச் சலிப்பில்லாமல் நடத்தித் தருகிறது.

இந்தப் பணியின் தொடக்க காலத்தைத் தேடும்போது சான்று மெலிந்துவிடுகிறது. பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்துக் கோயிலுக்குப் பரமேசுவரமங்கலம் என்ற ஊரைக் கொடுத்து, அதன் வருவாயை 25 பங்குகளாக அது பிரிக்கிறது. 20 பங்கு நான்மறையாளர் 20 பேருக்கு, 3 பங்கு பூசைக்கும் புதுப்பித்தலுக்கும், 1 பங்கு மண்டபத்துக்கு நீரும் தீயும் வைக்க, 1 பங்கு அந்த மண்டபத்தில் பாரதம் வாசிக்க. பாரதம் கேட்க வருவோருக்காக ஒருவர் நிலையாக அமர்த்தப்பட்டார் என்பதும், நீருக்கும் தீக்கும் ஒதுக்கிய அதே அளவு அவருக்கும் ஒதுக்கப்பட்டது என்பதும் இதிலிருந்து உறுதி. அந்த வாசிப்பு பகல் பிரசங்கத்துக்கு முன்னோடி ஆகலாம். கேள்வி கேட்கும் இரண்டாம் ஆள் அங்கே இருந்ததற்குச் செப்பேட்டில் தடயம் இல்லை. கூத்தின் வயதை இந்த ஒரு வரியைக் கொண்டு பின்னுக்குத் தள்ள முடியாது.

18ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் நிலம் சற்று உறுதிப்படுகிறது. திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியில் கட்டியக்காரன் தொடக்கத்திலேயே வருகிறான். குற்றாலநாதரின் பவனியை அறிவிப்பது அவன் வேலை. கோமாளித்தனம் அவனிடம் இல்லை. கோமாளியே மூலம், அறிவிப்பாளன் பிற்சேர்க்கை என்று கொள்வதற்கு இது பெரும் தடை. எனினும் கூத்துப் பாடங்கள் வாத்தியார்களின் வாய்வழியாகவும் கையேடுகள் வழியாகவும் வந்தவை; அவற்றின் காலம் முடிவாகவில்லை. ஆகவே அறிவிப்பாளனே முந்தியவன் என்பதை வலுவான ஊகமாக மட்டுமே சொல்ல முடியும்.

எல்லைக்கு அப்பால் உள்ள வழக்கமும் இந்த ஊகத்துக்குத் துணை நிற்கிறது. கருநாடகத்தின் மூடலபாய ஆட்டத்தில் சாரதி என்ற பாத்திரம் உண்டு. மேடைக்கு வரும் வேஷத்தைப் பெயரும் ஊரும் கேட்டு அறிமுகம் செய்துவைப்பது அவன் கடமை. யாரிடமிருந்து யார் எடுத்துக்கொண்டார்கள் என்பதைத் தீர்மானிக்க இயலாது. இரு மொழி ஆட்டங்களிலும் கேள்வி கேட்பவன் நிலைத்திருக்கிறான் என்பதே இங்கு முக்கியம்.

நடுவில் வருபவரைக் கதைக்குள் அழைத்துக்கொள்ளும் இதே சிக்கலைப் பல ஆண்டு நீளும் இணைய விளையாட்டுகளும் இன்று சந்திக்கின்றன. 2004இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், 2020 முதல் புதியவர்களைத் தனியாக அமைத்த ஒரு தீவில் இறக்கி, பழைய கதையின் பெரும்பகுதியைத் தாண்டவைக்கிறது. 2013இல் மறுபிறவி எடுத்த ஃபைனல் ஃபேன்டசி 14, கதையை முதலிலிருந்து வரிசையாக ஆடச் சொல்கிறது. 2020இல் அதன் முதல் பகுதியைச் சுருக்கியது. ஒன்று பழையதை விடச் சொல்கிறது, மற்றொன்று காத்திருக்கச் சொல்கிறது. கூத்து இரண்டையும் கேட்பதில்லை. ஒவ்வோர் இரவும் கதைக்கு ஒரு புதிய வாசலைத் திறந்து, பழகியவரையும் புதியவரையும் அதன் வழியே உள்ளே அழைத்துச் செல்கிறது.

கட்டியக்காரனைக் கோமாளி என்று மட்டும் வகைப்படுத்துவது குறைபட்ட வாசிப்பு. அவன் முதலில் கதையின் வாயிற்காவலன். சிரிப்பு அவன் கைக்கருவி. கிருஷ்ணகிரிப் பகுதிக் கூத்துகளைப் பதிவுசெய்வோர் போரும் சபதமும் உள்ள கட்டங்களோடு நிறுத்திவிடாமல், களரி கட்டுவது முதல் ஒவ்வொரு வேஷத்தின் வரவு விசாரணை வரை முழுமையாகப் பதிவுசெய்ய வேண்டும். ஊருக்கு ஊர் மாறும் அந்த உரையாடல்கள் திரட்டப்பட்டால்தான் இந்தப் பணியின் வரலாற்றை மேலும் துல்லியமாக எழுத முடியும்.