போர்ட்டும் புகாரும்

"பூம்புகார் போலீசில் புகார்" என்று மயிலாடுதுறைப் பதிப்பில் தலைப்பு வந்தால் உள்ளூரில் யாரும் சிரிப்பதில்லை, பழகிவிட்டது. ஆனால் அந்த ஒரு வரியில் நிற்கும் இரண்டு புகாருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முதலாவது ஆறு கடலில் கலக்கும் இடம். 'புகு' என்ற வினையில் பிறந்ததாகக் கொள்வது வழக்கம். இரண்டாவது இந்துஸ்தானிச் சொல். அங்கே அதற்குக் கூவுதல், கூப்பிடுதல் என்று பொருள். நம்மிடம் வந்து முறையீடு ஆகிவிட்டது. மூன்றாவது ஒன்றும் உண்டு: மூடுபனி, மேகம். தமிழ்நாட்டில் அது பேச்சில் இல்லை; ஈழத் தமிழர் இன்றும் 'பனிப்புகார்' என்கிறார்கள்.

இதற்கு இணையாக ஆங்கிலத்தில் வைத்துப் பார்க்கத் தகுந்த சொல் 'போர்ட்'. அதற்கும் துறைமுகம் என்றுதான் முதற்பொருள். ஏர்போர்ட், பாஸ்போர்ட், ரயிலடிப் போர்ட்டர், செல்போனில் சார்ஜர் செருகும் போர்ட் என்று தமிழன் வாயிலும் அது நாள் முழுக்கப் புழங்குகிறது. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கும் ரிப்போர்ட்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தோண்டிப் பார்த்தால் இவை எல்லாம் லத்தீனில் மூன்று சொற்களில் போய் முடிகின்றன: போர்ட்டுஸ் துறைமுகம், போர்ட்டா வாயில், போர்ட்டாரே சுமத்தல். மூன்றும் கடந்து போதலைக் குறித்த ஒரே பழைய வேரிலிருந்து கிளைத்தவை என்கிறார்கள் மொழிநூலார். சார்ஜர் செருகும் துளை வாயில் வழி வந்தது. ரிப்போர்ட், சேதியைச் சுமந்து திரும்புதல். போர்ட்டரிலேயே இரண்டு பேர் உண்டு. வாசற்காவல்காரர் போர்ட்டா வழி, மூட்டை தூக்குபவர் போர்ட்டாரே வழி.

கப்பலின் இடப்பக்கத்துக்கு 'போர்ட்' என்று பெயர் வந்த கதை ருசியானது. பழைய ஐரோப்பியக் கப்பல்களில் திசை திருப்பும் துடுப்பு வலப்பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தைக் கரையில் அணைத்தால் துடுப்பு நொறுங்கிப்போகும். அதனால் இடப்பக்கத்தை அணைத்துச் சரக்கு ஏற்றினார்கள். வலம் ஸ்டார்போர்ட், இடம் லார்போர்ட். புயல் காற்றில் மாலுமி கத்தும்போது இரண்டும் ஒன்றுபோலவே காதில் விழும். கப்பல் எந்தப் பக்கம் திரும்பும் என்பது ஓர் எழுத்தில் தொங்கியது. 1844இல் பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டை விலக்கி, முன்பே மாலுமிகளிடம் வழங்கிய 'போர்ட்' என்பதையே சொல்லச் சொன்னது. துறைமுகத்தைப் பார்த்த பக்கம், அவ்வளவுதான்.

நம் அகராதி புகாருக்கு எண் போட்டுப் பல பொருள் தருவதைப் பார்த்து, இரண்டும் ஒரே மாதிரி வளர்ந்தவை என்று நினைத்துவிடக் கூடாது. போர்ட் ஒரு பெரிய குடும்பம். புகார்கள் ஒரே பெயருள்ள அந்நியர்கள். நியாயமான ஒப்பீடு வேண்டுமென்றால் போர்ட்டுக்கு எதிரே 'புகு'வைத்தான் வைக்க வேண்டும். புகல், புகலிடம், புகுத்துதல், பழைய கல்லூரிகளின் புகுமுக வகுப்பு, பத்திரிகையில் அச்சாகும் புதுமனை புகுவிழா: இங்கும் ஒரே வேர், ஒரே வாசற்படி. ஆனால் இதில் துறைமுகம் மட்டும் நழுவிவிட்டது. இன்று கொள்ளிடத்தின் புகார், வெள்ளாற்றின் புகார் என்று யாரும் சொல்வதில்லை, முகத்துவாரம் என்கிறோம். துவாரம் என்றாலும் வாயில்தான், போர்ட்டா போலவே. பொதுப்பெயராக இருந்த புகார் ஒரே ஊரின் பெயராகச் சுருங்கிப்போனது.

ஊர்களையும் சேர்த்துப் பார்க்கலாம். பட்டினப்பாலை காட்டும் புகாரில் கடலிலிருந்து இறங்கும் சரக்கும் உள்நாட்டிலிருந்து ஏறும் சரக்கும் புலிச்சின்னம் பொறிக்கப்பட்டு முற்றத்தில் குவிந்து கிடக்கும். தாலமி கிரேக்கத்தில் இதைக் கபேரிஸ் என்று எழுதினார். ஏறக்குறைய அதே காலத்தில் ரோமாபுரிக்குத் தானியம் இறக்கிய துறைமுகத்துக்குப் பெயரே 'போர்ட்டுஸ்'தான். கிளாடியஸ் பேரரசர் கி.பி. 42இல் தொடங்கியது, டிராஜன் அதில் அறுகோணக் குளம் ஒன்றைச் சேர்த்தார். டைபர் ஆற்று வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போக, அந்தக் குளம் இன்று நிலத்துக்குள் கிடக்கிறது, பக்கத்திலேயே ரோம் விமான நிலையம். புகாரில் கடல் உள்ளே வந்தது. அப்படியும் அதை ஒட்டிய கீழையூரில் தொல்லியல் துறை 1960களில் அகழ்ந்தெடுத்த செங்கல் படகுத்துறை நிலத்தில்தான் இருக்கிறது. படகு கட்ட நட்ட மரத்தூண்கள்கூட அதில் மிஞ்சியிருந்தன.

பெயர்கள் ஊரைவிட்டுக் கிளம்பியதில் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே கதை. டூரோ ஆற்று முகத்திலுள்ள போர்ட்டோ நகரம் போர்ட் ஒயினுக்குப் பெயர் தந்தது. திராட்சை விளைவது ஆற்றின் மேற்பகுதியில். பீப்பாய்கள் காலங்காலமாக அடுக்கப்பட்டது எதிர்க்கரை ஊரில். நம் பக்கத்தில் சென்னைக்காரரிடம் பூம்புகார் என்றால் பஞ்சலோகச் சிலை விற்கும் அரசுக் கடை. 1974இல் தொடங்கிய பூம்புகார் கப்பல் கழகமும் இருக்கிறது. அதன் முக்கிய வேலை மின்வாரியத்துக்கு நிலக்கரி ஏற்றிவருவது. எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் இறக்குகிறார்கள். பூம்புகாருக்கு ஒரு கப்பலும் வருவதில்லை.