கார்டிஃப்: தண்ணீரை நகர்த்திக்கிட்டே இருந்த ஊர்

இந்த எபிசோட்ல நாம போகப்போற ஊர் கார்டிஃப், வேல்ஸோட தலைநகரம். சுத்திப் பாக்க ரொம்ப சுலபமான ஊர். சென்ட்ரல் ஸ்டேஷன்ல இறங்கினா ஸ்டேடியம், கோட்டை, கடைவீதி எல்லாத்தையும் நடந்தே பாத்துடலாம். கார்டிஃப் பே போறதுக்கு மட்டும் ஒரு குட்டி ரயில், இல்லன்னா பஸ். ஒரு நாள் போதும்.

ஆனா இந்த ஊரோட பழைய மேப்பையும் புது மேப்பையும் பக்கத்துல பக்கத்துல திறந்து வச்சுப் பாத்தா ஒரு விஷயம் கண்ணுல படும். இன்னைக்கு டூரிஸ்ட்டுங்க நிக்கிற பல இடத்துல ஒரு காலத்துல தண்ணீர் இருந்துச்சு. ஆற்றைத் தள்ளியிருக்காங்க, கப்பல்துறையை வெட்டி மூடியிருக்காங்க, கடைசியில கடலோட ஓதத்தையே தடுத்திருக்காங்க. ஒவ்வொரு தடவையும் யாருக்கு லாபம், யார் விலை கொடுத்தாங்க? இதுதான் இன்னைக்குக் கதை.

முதல்ல ஸ்டேஷன். டாஃப் ஆறு அப்போ ஊருக்குள்ள நல்லா வளைஞ்சு வந்துட்டுப் போகும். சவுத் வேல்ஸ் ரயில்வேக்குப் பாதை போட வந்த இசம்பார்ட் கிங்டம் புரூனலுக்கு அந்த வளைவு பெரிய தலைவலி. பாலம் கூடுதலா கட்டணும், ஸ்டேஷனுக்கும் இடம் பத்தாது. மனுஷன் ரயிலை வளைக்கல, ஆற்றை மேற்குப் பக்கமா தள்ளிட்டார். 1850-ல ரயில் வந்துச்சு. ஆறு விட்டுப்போன இடத்தை ஒட்டின சதுப்பு மேடுதான் பின்னாடி ஆர்ம்ஸ் பார்க் மைதானம். அங்கயேதான் 1999-ல மில்லினியம் ஸ்டேடியம் வந்துச்சு. இப்போ அது பிரின்சிபாலிட்டி ஸ்டேடியம், 70,000 பேருக்கு மேல உக்காரலாம். பக்கத்துல இருக்கிற வெஸ்ட்கேட் ஸ்ட்ரீட் பழைய ஆற்றுப் பாதை மேல போகுது. அதுல இருந்து பிரியுற ஒரு சின்னத் தெருவோட பேர் கீ ஸ்ட்ரீட், அதாவது படகுத்துறைத் தெரு. ஆறு போய் 150 வருஷத்துக்கு மேல ஆச்சு, பேர் மட்டும் போகல. நம்ம கோடுல பழைய வேரியபிள் பேர் தங்கிப்போற மாதிரிதான்.

அங்கிருந்து அஞ்சு நிமிஷம் நடந்தா கோட்டை. ரோமானியர் கோட்டை இருந்த இடத்துல நார்மன்காரங்க மேடு எழுப்பிக் கட்டினது. ஆனா உள்ள போய் நாம வாயைப் பொளந்து பாக்குற தங்க வேலைப்பாட்டு அறைகள் ரொம்பப் பழசு இல்ல. 1860கள்ல இருந்து மூணாவது பியூட் பிரபுவுக்காக வில்லியம் பர்ஜஸ் வடிவமைச்சது. அதுக்குப் பணம் எங்கிருந்து வந்துச்சு? நிலம், நிலக்கரி, துறைமுகம். அவரோட அப்பா இரண்டாவது பிரபு 1839-லயே பியூட் வெஸ்ட் டாக் திறந்துட்டார்.

இங்க ஒரு இன்ஜினியரிங் சிக்கல் இருக்கு. செவர்ன் முகத்துவாரத்துல ஓதம் உலகத்துலயே பெரிய ஓதங்கள்ல ஒண்ணு. சில இடத்துல உயர வித்தியாசம் 14 மீட்டர் வரைக்கும் போகும். கடல் இறங்கிடுச்சுன்னா கப்பல் சேத்துல உக்காந்துடும். அதனால கதவு வச்ச துறை வெட்டி, உள்ள தண்ணீரைத் தேக்கி வச்சாங்க. அந்தத் தண்ணீர் மட்டம் குறையாம இருக்க, டாஃப் ஆற்றுல பிளாக்வியர் அணைக்கட்டுல இருந்து ஊருக்கு நடுவால ஒரு வாய்க்கால் கொண்டுவந்தாங்க. பேர் டாக் ஃபீடர். 20-ஆம் நூற்றாண்டு நடுவுல சர்ச்சில் வே பகுதியில அதுக்கு மேல கான்கிரீட் போட்டு மூடிட்டாங்க. 2023-ல உடைச்சுத் திறந்துட்டாங்க. இப்போ அது பக்கத்துல உக்காந்து காபி குடிக்கலாம்.

அடுத்து பே. குயின் ஸ்ட்ரீட் ஸ்டேஷன்ல இருந்து போற அந்தக் குட்டி ரயில் பாதை, மெர்தர்ல இருந்து நிலக்கரியும் இரும்பும் இறக்கிக் கொண்டுவந்த டாஃப் வேல் ரயில்வேயோட கடைசித் துண்டு. அந்தப் பாதை 1840-41-ல திறந்தது. அதுக்கும் புரூனல்தான் இன்ஜினியர். 1801-ல சுமார் 1,900 பேர் இருந்த ஊர், 1901-ல ஒன்றரை லட்சத்தைத் தாண்டிடுச்சு. 1913-ல இந்தத் துறைமுகத்துல இருந்து ஒரு கோடி டன்னுக்கு மேல நிலக்கரி கப்பல் ஏறுச்சு.

அந்த நிலக்கரியைக் கப்பல் அடுப்புல அள்ளிப் போட்டவங்க யாரு? சோமாலியா, ஏமன், கரீபியன், நார்வேன்னு பல நாட்டு மாலுமிங்க. அவங்க குடியேறின இடம்தான் பியூட்டவுன், இன்னொரு பேர் டைகர் பே. 1919-ல அவங்க வீடுகளை வெள்ளைக்காரக் கும்பல் தாக்கி, உயிர்ப்பலியும் ஆச்சு. 1960கள்ல பழைய தெருக்களை இடிச்சு அடுக்குமாடி கட்டினாங்க. ரயில்ல போறப்போ ஜன்னல் வழியா ரெண்டு பக்கமும் பாருங்க. ஒரு பக்கம் பியூட் ஸ்ட்ரீட், நீளமான சுவருக்குப் பின்னாடி பழைய பியூட்டவுன். மறுபக்கம் லாயிட் ஜார்ஜ் அவென்யூ, புது அபார்ட்மென்ட்ஸ். நடுவுல ரயில். பழைய எல்லைக்கோடு அப்படியே இருக்கு.

பேல இறங்கினா ரோல்ட் டால் பிளாஸ்னு ஒரு நீள்வட்டச் சதுக்கம். எதுக்கு அந்த வடிவம்? அது மூடப்பட்ட வெஸ்ட் டாக்கோட முகப்புத் தொட்டி. கப்பல் நின்ன இடத்துல இப்போ கச்சேரி நடக்குது. எழுத்தாளர் ரோல்ட் டால் இந்த ஊர்லதான் பிறந்தார். ஞானஸ்நானம் நடந்த நார்வீஜியன் சர்ச்சும் பக்கத்துலயே இருக்கு.

எதிர்ல தெரியுற ஏரியும் இயற்கையா வந்தது கிடையாது. 1.1 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தடுப்பணை கட்டி, 1999-ல முடிச்சாங்க. கடல் வத்தும்போது தெரிஞ்ச சேறு மறைஞ்சு, சுமார் 500 ஏக்கர் நன்னீர் ஏரி ஆயிடுச்சு. இதை எல்லாரும் கைதட்டி வரவேற்கல. நிலத்தடி நீர் ஏறி வீட்டு அடித்தளத்துல புகுந்துடும்னு மக்கள் பயந்தாங்க. பின்னாடி வேல்ஸோட முதலமைச்சரான ரோட்ரி மார்கன், எம்.பி.யா இருந்தப்போ இதைக் கடுமையா எதிர்த்தார். 1993 சட்டத்துல நிலத்தடி நீருக்குப் பாதுகாப்பு விதிகள் சேர்த்தபிறகுதான் அணைக்கு வழி கிடைச்சுது.

பறவைகளுக்குச் சட்டம் அவ்வளவு உதவல. அந்தச் சேறுதான் அதுங்களுக்குச் சாப்பாட்டு மேஜை. நஷ்டஈடா 2000-ல நியூபோர்ட் பக்கத்துல ஒரு ஈரநிலச் சரணாலயம் அமைச்சாங்க. ஆனா இங்கிருந்து துரத்தப்பட்ட சிவப்புக் கால் உள்ளான்களைக் கால்ல வளையம் போட்டு ஆராய்ஞ்சப்போ, பக்கத்து முகத்துவாரத்துக்குப் போன பறவைங்க எடை குறைஞ்சு, உயிர்பிழைக்கிற விகிதமும் குறைஞ்சிருந்துச்சு. ஒரு இடத்துல டெலீட் பண்ணி இன்னொரு இடத்துல பேஸ்ட் பண்றது உயிருள்ள விஷயத்துல நடக்காது.

அணை அழகா இல்லையான்னு கேட்டா, அழகுதான். அது மேல காத்து வாங்கிட்டே பெனார்த் வரைக்கும் நடக்கலாம், நானும் நடக்கச் சொல்றேன். ஒரு பக்கம் அசையாத ஏரி. மறுபக்கம் ஏறி இறங்குற கடல், நேரம் சரியா இருந்தா பழைய சேறும் தெரியும். ரெண்டையும் பாத்துட்டுத் திரும்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.