மெல்லிய தந்திகள் (பேஸ் கித்தார்)

மெல்லிய தந்திகள் என்பவை, பேஸ் கித்தாரில் வழமையாகப் பூட்டப்படும் தந்திகளைவிடக் குறைந்த விட்டம் கொண்ட தந்தித் தொகுதிகள் ஆகும். இவை ஒரே சுருதியில் குறைந்த இழுவிசையுடன் நிற்பதால் விரலுக்கு இளக்கமாக இருக்கும். அதே காரணத்தால் அகலமாக அதிர்ந்து மெட்டுகளில் மோதும் இயல்பும் இவற்றுக்கு உண்டு. தந்தியின் தடிமனைத் தேர்வது ஒலியின் தன்மை, இசைப்பவரின் கைவலு, கருவியின் கழுத்து ஆகிய மூன்றையும் ஒருங்கே பாதிக்கும் முடிவாகும்.

அளவிடும் முறை

தந்தியின் விட்டம் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கினை அலகாகக் கொண்டு குறிக்கப்படுகிறது. 45 என்றால் 0.045 அங்குலம், அதாவது ஏறத்தாழ 1.14 மில்லிமீட்டர். 100 என்றால் 2.54 மில்லிமீட்டர். நான்கு தந்திக் கருவியில் மெல்லியதிலிருந்து தடித்தது வரை ஜி, டி, ஏ, ஈ என்ற வரிசையில் நான்கு எண்கள் தரப்படும். பேச்சுவழக்கில் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் மட்டும் சேர்த்து ‘45–105 தொகுதி’ என்பர்.

இன்று 45–105, 45–100 ஆகிய தொகுதிகளே பெரும்பாலும் நடுத்தரமாகக் கருதப்படுகின்றன. 40–95 அளவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் மெல்லியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் உறையில் அச்சிடப்படும் பெயரை மட்டும் நம்பித் தொகுதியை வாங்குதல் தகாது. டடாரியோ நிறுவனம் 45–100 தொகுதியை ‘லைட்’ என்ற சொல்லுடன் விற்கிறது. எர்னி பால் நிறுவனத்தில் அதே 45–100 அளவுக்கு ‘சூப்பர் ஸ்லிங்கி’ என்று பெயர். பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், எண்கள் மாறா.

இழுவிசைக் கணக்கு

ஒரு தந்தியின் இழுவிசையை மூன்று அளவுகள் முடிவு செய்கின்றன: அதிரும் நீளம், அதிர்வெண், ஒரு மீட்டர் நீளத்துக்கான நிறை. நீளத்தை இரண்டால் பெருக்கி, அதை அதிர்வெண்ணால் பெருக்கி, வரும் விடையை வர்க்கப்படுத்தி, நிறையால் பெருக்கினால் இழுவிசை கிடைக்கும்.

ஃபெண்டர் நிறுவனம் 1951இல் வெளியிட்ட பிரசிசன் பேஸ் கருவியில் நட்டுக்கும் குதிரைக்கும் இடைப்பட்ட நீளம் 34 அங்குலம். இன்றுவரை பெரும்பாலான பேஸ் கித்தார்கள் இந்நீளத்தையே பின்பற்றுகின்றன. வழமையான சுருதியில் ஈ தந்தி 41.2 ஹெர்ட்ஸ், ஏ 55 ஹெர்ட்ஸ், டி 73.4 ஹெர்ட்ஸ், ஜி 98 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்டவை. ஆகவே நீளமும் அதிர்வெண்ணும் நிலையானவை. இசைப்பவர் மாற்றக்கூடியது நிறை ஒன்றே. ஒரே கட்டமைப்புடைய தந்திகளில் நிறை ஏறத்தாழ விட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், விட்டத்தில் செய்யும் சிறு குறைப்பும் இழுவிசையில் பெரிதாகத் தெரியும்.

எடுத்துக்காட்டாக, ஜி தந்தியை 45இலிருந்து 40க்கு மாற்றினால் விட்டம் 11 விழுக்காடே குறைகிறது. இழுவிசையோ 21 விழுக்காடு குறைகிறது. ஈ தந்தியை 100இலிருந்து 95க்கு மாற்றினால் இழுவிசை ஏறத்தாழ 10 விழுக்காடு மட்டும் குறையும். எல்லாத் தந்திகளிலும் ஐந்து எண்கள் குறைத்தாலும் கைக்கு வேறுபாடு மேல் தந்திகளில்தான் மிகுதியாகப் புலப்படுவது இதனாலேயே. பொதுவாக ஒவ்வொரு தந்தியும் 15 முதல் 25 கிலோகிராம் எடைக்கு இணையான விசையுடன் கழுத்தை இழுக்கிறது.

தடிமன் மட்டுமே போதாது

பேஸ் தந்தி என்பது ஒற்றைக் கம்பியன்று. நடுவில் ஓர் எஃகுக் கம்பியும், அதன்மீது ஓரடுக்காகவோ பல அடுக்குகளாகவோ சுற்றிய சுற்றுக்கம்பியும் கொண்டது. நிறையின் பெரும்பகுதியைச் சுற்றுக்கம்பி தருகிறது, இழுவிசையைத் தாங்குவது நடுக்கம்பி. நடுக்கம்பி அறுகோண வடிவிலோ வட்ட வடிவிலோ அமையும். வட்டக் கம்பி கொண்டவை பொதுவாக வளைவதற்கு இளக்கமானவை. எனவே ஒரே 45 எண் கொண்ட இரு தந்திகள் கையில் வெவ்வேறாக உணரப்படுவதில் வியப்பில்லை.

வியன்னாவைச் சேர்ந்த தோமாஸ்டிக்–இன்ஃபெல்ட் நிறுவனத்தின் ‘ஜாஸ் ஃபிளாட்ஸ்’ தொகுதி இதற்கு நல்ல சான்று. அதன் அளவுகள் 43, 56, 70, 100 ஆகும். ஈ தந்தியின் எண்ணை மட்டும் பார்ப்பவர் இதனை நடுத்தரத் தொகுதி என்றே எண்ணுவார். இருப்பினும் மிகக் குறைந்த இழுவிசை கொண்ட தட்டைச்சுற்றுத் தந்திகளாகவே இவை பெயர் பெற்றுள்ளன. தயாரிப்பாளர் இழுவிசை அட்டவணை வெளியிட்டிருந்தால், விட்டத்தைவிட அதையே ஒப்பிடுதல் நலம்.

ஒலியில் ஏற்படும் மாற்றம்

தடித்த, விறைப்பான தந்தியில் மேற்தொனிகள் அடிப்படை அதிர்வெண்ணின் சரியான மடங்குகளில் அமையாமல் சற்றே உயர்ந்து ஒலிக்கும். தந்தி இளக்கமாகும்போது இப்பிறழ்ச்சி குறைந்து மேற்தொனிகள் தெளிவாகின்றன. மெல்லிய தந்திகள் ‘பளிச்’ என்று ஒலிப்பதாகக் கூறப்படுவதன் ஒரு காரணம் இது. கட்டைவிரலால் அடித்தும் தந்தியைச் சுண்டியும் இசைக்கும் ஸ்லாப் முறைக்கு இவ்வொலி பொருந்துகிறது. லெவல் 42 குழுவின் மார்க் கிங் 30, 50, 70, 90 என்ற மிக மெல்லிய தொகுதியைப் பயன்படுத்துபவர் என்பது பரவலாக அறியப்பட்டது. ரோட்டோசவுண்ட் நிறுவனம் அவ்வளவுகளிலேயே தொகுதி விற்றுள்ளது.

மறுமுனையில் மோட்டவுன் இசைப்பதிவுகளின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் நிற்கிறார். அவர் லா பெல்லா நிறுவனத்தின் 52–110 தட்டைச்சுற்றுத் தந்திகளைத் தம் பிரசிசன் பேஸில் பூட்டி, அறுந்தாலன்றி மாற்றாமல் வைத்திருந்தார். அந்த அடர்ந்த, குறுகிய ஒலி தடித்த தந்தியால் மட்டும் வந்ததன்று. தட்டைச்சுற்று, பழந்தந்தி, உயரமான தந்தியமைப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக அவரது ஒற்றை விரல் ஆகியனவும் காரணங்கள். மெல்லிய தந்திகளில் ‘அடிப்பகுதி’ ஒலி இராது என்ற கருத்து ஓரளவே உண்மை. சுற்றுமுறையும் தந்தியின் வயதும் ஒலியில் ஏற்படுத்தும் வேறுபாடு, ஐந்து எண்கள் ஏற்படுத்தும் வேறுபாட்டை எளிதில் விஞ்சிவிடும்.

வரலாற்றுக் குறிப்பு

1950களில் பேஸ் கித்தாரில் தடித்த தட்டைச்சுற்றுத் தந்திகளே பெரும்பாலும் பூட்டப்பட்டன. தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில், 1965இல் வெளிவந்த ‘மை ஜெனரேசன்’ பாடலின் தனிவாசிப்புக்காக மெல்லிய தந்திகள் கொண்ட டேன்எலெக்ட்ரோ பேஸ் ஒன்றை வாங்கினார். தந்திகள் அறுந்தபோது அவற்றுக்கு மாற்று கடைகளில் கிடைக்காததால் மீண்டும் மீண்டும் புதிய கருவியையே வாங்க நேர்ந்ததாகவும், இறுதியில் ஃபெண்டர் கருவியில் பதிவு செய்ததாகவும் அவர் பின்னாளில் கூறியுள்ளார். 1966இல் அவர் ரோட்டோசவுண்டுடன் இணைந்து வட்டச்சுற்றுத் தந்திகளை உருவாக்க உதவினார். பியானோவின் கீழ்த் தந்திகளைப் போன்ற அவ்வொலி பின்வந்த ராக் பேஸ் வாசிப்பின் அடையாளமாயிற்று.

கைக்கு உண்டாகும் பயன்

மெல்லிய தந்திகளை நாடுவோரில் கணிசமானோர் ஒலிக்காக அன்றி, விரல் அல்லது மணிக்கட்டு வலிக்காகவே அவற்றை நாடுகின்றனர். இங்கு ஒரு கணக்கு பயன்தரும். தந்தியை மெட்டின்மேல் அழுத்தத் தேவையான விசை, இழுவிசைக்கும் மெட்டிலிருந்து தந்தியின் உயரத்துக்கும் ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருக்கும். தந்தி உயரத்தை 3 மில்லிமீட்டரிலிருந்து 2.4 மில்லிமீட்டராகக் குறைத்தால் அழுத்தும் விசை 20 விழுக்காடு குறையும். ஜி தந்தியை 45இலிருந்து 40க்கு மாற்றுவதால் கிடைக்கும் இளக்கமும் இதே அளவுதான். முன்னதற்குச் செலவு ஒரு சிறு அறுகோணத் திறவுகோல் மட்டுமே. எனவே புதுத் தந்தி வாங்குமுன் உயரத்தைச் சரிபார்ப்பதே முறை. நட்டில் உள்ள பள்ளம் ஆழம் போதாமல் இருந்தால் முதல் இரண்டு மெட்டுகளில் அழுத்துவது எத்தந்தியிலும் கடினமாகவே இருக்கும். தொடக்கநிலை மாணவர் துன்புறுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான்.

இவ்விரு வழிகளும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றன என்பதையும் கருத வேண்டும். ஒரே விசையுடன் சுண்டும்போது, இழுவிசை 21 விழுக்காடு குறைந்த தந்தி ஏறத்தாழ 27 விழுக்காடு கூடுதலாக விலகும். அது மெட்டுகளில் மோதி இரையாதிருக்க உயரத்தைக் கூட்ட நேர்ந்தால், மெல்லிய தந்தியால் பெற்ற இளக்கம் உயரத்தால் கைவிட்டுப் போகும். மெல்லிய தந்திகளின் முழுப்பயனைப் பெறுபவர் வலக்கையால் மென்மையாகச் சுண்டப் பழகியவரே. பலமாகச் சுண்டும் வழக்கமுடையவர் முதலில் ஒலிபெருக்கியின் அளவைக் கூட்டி, கையின் வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாம்.

விரல் மரத்துப்போதல், கூச்சம், இரவில் தொடரும் மணிக்கட்டு வலி ஆகியவை இருந்தால் அதற்குத் தந்தி மருந்தாகாது. வாசிப்பை நிறுத்தி மருத்துவரைக் காண்பதே தக்கது.

பொருந்தாத இடங்கள்

சுருதியைத் தாழ்த்தி இசைப்போருக்கு மெல்லிய தந்திகள் பொதுவாக ஏற்றவையல்ல. ஈ தந்தியை ஒரு முழுச்சுரம் தாழ்த்தி 36.7 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்தால் இழுவிசை 21 விழுக்காடு குறையும். தந்தியும் 100க்குப் பதில் 95 ஆக இருப்பின், மொத்தக் குறைவு 28 விழுக்காட்டை எட்டும். அந்நிலையில் தந்தி தொய்வுற்று, சுண்டிய கணத்தில் சுருதி உயர்ந்து பின்பு இறங்குவது காதுக்கே தெரியும்.

குறுகிய நீளக் கருவிகளிலும் இதே சிக்கல் உண்டு. பால் மக்கார்ட்னியால் புகழ்பெற்ற ஹோஃப்னர் 500/1 போன்ற 30 அங்குலக் கருவியில், அதே தந்தி 34 அங்குலக் கருவியில் இருப்பதைவிட 22 விழுக்காடு குறைந்த இழுவிசையில் நிற்கும். கருவியே இளக்கமாக இருக்கையில் தந்தியையும் மெல்லியதாக்கத் தேவை அரிது. ஐந்து தந்திக் கருவியின் பி தந்தி 30.9 ஹெர்ட்ஸ் என்பதால் அது இயல்பாகவே தொய்வுக்கு அருகில் உள்ளது. மேல் நான்கு தந்திகளை மெல்லியதாக்கி, பி தந்தியை மட்டும் 125 அல்லது 130 அளவில் வைத்துக்கொள்வது நடைமுறையில் உள்ள வழி.

தந்தி மாற்றியபின் செய்ய வேண்டுவன

தந்திகளின் இழுவிசை கழுத்தை முன்னோக்கி வளைக்கிறது. கழுத்தினுள் ஓடும் எஃகுத் தண்டான ட்ரஸ் ராடு அதனை எதிர்த்துப் பின்னோக்கி இழுக்கிறது. மெல்லிய தந்திகள் பூட்டியவுடன் இச்சமநிலை மாறிக் கழுத்து நேராகவோ பின்வளைந்தோ போகலாம். முதல் சில மெட்டுகளில் மட்டும் இரைச்சல் எழுவது இதன் அறிகுறி. தந்தியே பழுது என்று கருதிப் புதுத் தொகுதியைக் கழற்றி எறிவோரும் உண்டு. முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் தந்தியை அழுத்திப் பிடித்து, ஏழாம் எட்டாம் மெட்டுகளின் அருகில் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். அது 0.3 மில்லிமீட்டர் அளவில் இருப்பது பொதுவாகப் போதுமானது. இடைவெளியே இல்லையெனில் ட்ரஸ் ராடைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஒருமுறைக்குக் கால் சுற்றுக்கு மிகாமல் தளர்த்தி, கழுத்து நிலைபெறக் காத்திருந்து மீண்டும் அளக்க வேண்டும். ராடு திரும்ப மறுத்தால் வலிந்து திருப்பலாகாது. அது முறிந்தால் செலவு பல தந்தித் தொகுதிகளின் விலையை மிஞ்சும்.

கழுத்து சரியான பின்னரே தந்தி உயரத்தையும், அதன் பின்னரே சுரத் துல்லியத்தையும் சரிசெய்ய வேண்டும். பன்னிரண்டாம் மெட்டின்மேல் மெல்லத் தொட்டு எழுப்பும் மேற்தொனியும், அங்கேயே அழுத்தி எழுப்பும் சுரமும் ஒன்றாக இருத்தல் வேண்டும். அழுத்திய சுரம் உயர்ந்திருந்தால் குதிரையில் அத்தந்தியின் தாங்கியைப் பின்னே நகர்த்த வேண்டும், தாழ்ந்திருந்தால் முன்னே.

தடித்த தந்திக்கென அறுத்த நட் பள்ளத்தில் மெல்லிய தந்தி சற்றே தளர்ந்து அமரும். பெரும்பாலும் இதனால் தீங்கில்லை. பக்கவாட்டில் நகர்ந்து அதிரும் ஒலி கேட்டால் மட்டும் நட்டை மாற்ற வேண்டிவரும். மாறாக, மெல்லிய தந்திக்காக அறுத்த நட்டில் தடித்த தந்தியை நுழைத்தால் அது சிக்கி, சுருதி நில்லாது.

தந்தியின் மிகுநீளத்தை வெட்டுமுன், வெட்டும் இடத்துக்குச் சற்று முன்பாகச் செங்கோணத்தில் மடித்துக்கொள்ள வேண்டும். மடிக்காமல் வெட்டினால், குறிப்பாக வட்ட நடுக்கம்பி கொண்டவற்றில், சுற்றுக்கம்பி தளர்ந்து தந்தி முழுவதும் ஒலியிழக்கும்.