தண்ணிக்கு அடியில ஒரு டவுன்: கித்துல்கலவிலிருந்து மஸ்கெலியா வரை ஒரு நாள்

தெஹியோவிட்ட சந்தியில் சனிக்கிழமை காலையில் நின்றால் ஒரு காட்சி பார்க்கலாம். கொழும்புப் பக்கமிருந்து வேன் வேனாக வரும், எல்லாம் கித்துல்கலவுக்குப் போகிற ஆட்கள். ஜன்னல் வழியே பாட்டு கேட்கும், கை காட்டுவாங்க, நாங்களும் காட்டுவோம். சின்ன வயசிலிருந்தே அந்த வேன்களைப் பார்த்து வளர்ந்தவங்க நாங்க. ஆனால் இருபது மைல் கூட இல்லாத அந்த இடத்துக்கு ஒரு தடவையும் சுற்றுலாவாகப் போனதில்லை. சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு அட்டன் போகும்போது பஸ்ஸிலிருந்து பார்த்ததுதான்.

போன மாதம் நாங்க ஏழு பேர் காசு சேர்த்து அந்த வேனில் ஏறினோம். வட்ஸ்அப்பில் வந்த விளம்பரம்: காலையில் கனியனிங், பகல் சாப்பாடு, பிறகு மலைக்கு ஏறி மூன்று 'லேக்', இரவு எட்டு மணிக்கு வீடு. கூடவே ஒரு கைடு. மற்ற ஆறு பேருக்கும் கனியனிங்தான் ஆசை. எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. எங்க அம்மாயி மஸ்கெலியாக்காரங்க. எங்க றப்பர் தோட்டத்துக்குக் கல்யாணமாகி வந்தவங்க. "நான் பொறந்த டவுனு இப்ப தண்ணிக்குள்ள இருக்கு"ன்னு அடிக்கடி சொல்லுவாங்க. சின்னப் பிள்ளையில அதை ராஜா ராணிக் கதை மாதிரிதான் கேட்டிருக்கேன்.

கனியனிங் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கூட வந்தவங்க கோவிச்சுக்குவாங்க. தலைக்கவசமும் லைஃப் ஜக்கெட்டும் மாட்டிக்கொண்டு, காட்டுக்குள் இறங்கும் ஓடையோடு நாமும் இறங்குவதுதான் விஷயம். பாறை வழுக்கலில் உட்கார்ந்து சறுக்கணும், மடு வந்தால் குதிக்கணும். முதல் குதியில் கால் நடுங்கியது. மூன்றாவதில் "இன்னொரு தடவை போகலாமா"ன்னு கேட்டோம். கைடு தம்பி கித்துல்கலக்காரர், இருபத்தைந்து வயசு இருக்கும். எந்தப் பாறையில் கால் வைக்கலாம் என்பது அவருக்கு மனப்பாடம். களனி கங்கையில் போட் விடுறது பற்றியும் ஒரு விஷயம் சொன்னார். மேலே மின்நிலையம் ஓடினால்தான் கீழே போட் ஓட்டத் தண்ணி இருக்கும். அந்த ஆறு தன் இஷ்டத்துக்கு ஓடி ரொம்ப நாளாயிற்று.

உடுப்பு மாற்றிய பிறகு, படம் எடுத்த இடத்துக்குக் கூட்டிப் போனார். 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' என்ற டேவிட் லீனின் படம் 1957இல் வந்தது, ஏழு ஒஸ்கார் வாங்கியது. தாய்லாந்து ஆறாகப் படத்தில் தெரிவது நம்ம களனி கங்கை. பாலத்துக்காகப் போட்ட கொங்கிரீட் அடித்தளத்தின் மிச்சம் இன்றும் ஆற்றோரம் கிடக்கிறது. பாலத்தையும் ரயிலையும் எப்படி வெடி வைத்துத் தகர்த்தார்கள் என்று கைடு நடித்தே காட்டினார். எல்லாரும் செல்ஃபி எடுத்தோம். நானும்தான்.

அந்தப் படத்தின் கதைக்குப் பின்னால் உண்மையில் நடந்தது என்ன? இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஏறத்தாழ 415 கிலோமீற்றர் ரயில் பாதை போட்டார்கள். 1942இல் தொடங்கி 1943 ஒக்டோபரில் முடித்தார்கள். வேலை செய்த நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல், அவர்களில் செத்தவர்கள் 12,000க்கும் அதிகம். படம் பேசுவது இவர்களைப் பற்றி. ஆனால் அதே பாதையில் ஆசியத் தொழிலாளர்கள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல் இருந்தார்கள். செத்தவர்கள் 90,000 வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள், றப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். கைதிகளுக்காவது பட்டியல் இருந்தது, கூடவே இராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், இன்று பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. இவர்களுக்கு அது எதுவும் கிடையாது. மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று ஒரு நாவல் எழுதியிருக்கிறார், கிடைத்தால் படிங்க.

படத்துக்கு மூலமான நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூல், போருக்கு முன்னால் மலாயாவில் பிரித்தானிய றப்பர் தோட்டங்களில் எஞ்சினியராக வேலை செய்தவர். தமிழ்த் தொழிலாளரைத் தெரியாத ஆள் இல்லை. படமோ எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட றப்பர் தோட்டங்களுக்குப் பக்கத்திலேயே எடுக்கப்பட்டது. சுற்றிலும் றப்பர், சுற்றிலும் தமிழ் ஆட்கள். படத்தின் கதைக்குள் மட்டும் ஒருத்தரும் இல்லை.

இன்னொரு கணக்கும் இருக்கு. மலாயா 1942இல் ஜப்பானியர் கையில் விழுந்ததும் நேச நாடுகளுக்கு இயற்கை றப்பர் கிடைக்கும் பெரிய இடமாக இலங்கை மிஞ்சியது. மரத்தின் ஆயுளைப் பார்க்காமல் வெட்டி வெட்டிப் பால் எடுக்கச் சொன்னார்கள். அங்கே பால் வெட்டியவங்க ரயில் பாதைக்குப் போனார்கள், இங்கே பால் வெட்டியவங்க இரட்டை வேலை பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே போர்தான். 1903இல் திறந்த அவிசாவளை - எட்டியாந்தோட்டைச் சின்ன ரயில் பாதையை இங்கே கழற்றியதும் அதே 1942இல்தான்.

இதையெல்லாம் கைடு தம்பியிடம் சொன்னேன், எனக்குத் தெரிந்த சிங்களத்தில். அவர் வாயைத் திறந்தபடி கேட்டார். "எங்களுக்குக் குடுத்த பேப்பர்ல இது இல்ல அக்கா" என்றார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. நான் மட்டும் என்ன, இதைப் பள்ளிக்கூடத்திலா படித்தேன்?

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வேன் கினிகத்தேன ஏறி நோட்டன் பக்கம் திரும்பியது. இங்கிருந்துதான் 'லேக்' ஆரம்பம். ஒன்று சொல்லணும். இந்த மலைநாட்டில் பெயர் சொல்லக்கூடிய ஏரி எல்லாமே மனிதர் செய்தவை. கண்டிக் குளம் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் கட்டியது, நுவரெலியா கிரகரி ஏரி 1873ஆம் ஆண்டு வேலை. நாங்க பார்க்கப் போன நோட்டன், மவுசாகலை, காசல்ரீ மூன்றும் மின்சாரத்துக்காகக் கட்டிய அணைகள். அணைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று கேட்காமல் தப்பிக்கவே 'லேக்' என்ற சொல் உதவுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கெல்லாம் ஆரம்பப் புள்ளி டி.ஜே. விமலசுரேந்திர என்ற எஞ்சினியர். மஸ்கெலி ஓயா, கெசல்கமு ஓயா ஆகியவற்றின் தண்ணீரை வைத்து நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இல் கட்டுரை வாசித்தார். வெள்ளைக்கார மேலதிகாரிகள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1924இல் லக்சபானவில் தொடங்கிய வேலையும் நின்றுபோனது. மனுஷன் விடவில்லை. 1931இல் இரத்தினபுரித் தொகுதியில் நின்று வென்று அரசாங்க சபைக்குள்ளேயே போய் வாதாடினார், அதாவது நம்ம சப்ரகமுவ எம்.பி. ஒரு வழியாக 1950இல் லக்சபான மின்நிலையம் ஓடியது, அவர் 1953இல் இறந்தார். அவருடைய பிடிவாதம் எனக்கு உண்மையிலேயே பிடிக்கும்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 1965இல் காசல்ரீ, 1969இல் மவுசாகலை. இரண்டும் மேலே நிற்கும் பெரிய தொட்டிகள் மாதிரி. காசல்ரீத் தண்ணி விமலசுரேந்திர மின்நிலையத்துக்குப் போய், நோட்டன் குளத்தில் நின்று, பழைய லக்சபானவுக்கு இறங்குகிறது. மவுசாகலைத் தண்ணி கெனியன், புதிய லக்சபான வழியாக வருகிறது. இரண்டும் சேர்ந்து பொல்பிட்டியவைத் தாண்டிக் களனி கங்கையாகின்றன. கீழே கித்துல்கலவுக்கு மேல் இப்போது 35 மெகாவாற் புரோட்லேண்ட்ஸும் வந்துவிட்டது. ஒரே சொட்டுத் தண்ணி எத்தனை தடவை டேர்பைன் சுற்றுது பாருங்க. காலையில் நாங்க கனியனிங் போனோம், பின்னேரம் பார்த்த அணைக்கே பெயர் கெனியன். வேனில் அதை வைத்து ஒரே சிரிப்பு.

மவுசாகலை வியூ பொயிண்டில் வேன் நின்றது. தண்ணி நிறைந்திருந்தது. பின்னால் சிவனொளிபாதமலை, சுற்றிலும் தேயிலை. சொல்லத் தேவையில்லை, அழகு. கைடு மலையின் உயரம் சொன்னார், தேயிலை கொண்டுவந்த வெள்ளைக்காரர் பெயர் சொன்னார், கொழுந்து பறிக்கிற பொம்பளைங்ககூடப் படம் எடுக்கணும்னா அடுத்த வளைவில் நிறுத்தலாம் என்றார். நாங்க ஏழு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். கூட வந்ததில் ஒருத்தியோட அம்மா அன்றைக்கும் வேலைக்குத்தான் போயிருந்தாங்க.

அந்தத் தண்ணிக்குள்தான் பழைய மஸ்கெலியா டவுன் இருக்கிறது. கடைவீதி, கோயில், பள்ளிவாசல், விகாரை எல்லாம் இருந்த ஊர். இன்று பஸ் நிற்கிற மஸ்கெலியா, அதற்குப் பதிலாகக் கரையில் எழுப்பியது. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய கட்டடங்களின் மிச்சங்கள் தலைகாட்டும், ஆட்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள், பத்திரிகையில் படமும் வரும். தேயிலை மலைகளும் தண்ணியில் போயின. அம்மாயிக்கு அப்போது பதினாலு, பதினஞ்சு வயசு. சம்பள நாளில் அவங்க அப்பா கூட்டிப் போன சாப்பாட்டுக் கடை, தேர் வந்து திரும்புற முடக்கு, இரண்டையும்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவாங்க.

நான் யோசித்தது ஆண்டுகளைப் பற்றி. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்கள் வென்றது. அதில் ஒன்று மஸ்கெலியா, வென்றவர் ஜி.ஆர். மோத்தா. அடுத்த வருடமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். தோட்டத்து ஆட்களில் ஆகப் பெரும்பாலானோருக்குக் குடியுரிமை போனது, அதோடு வாக்கும் போனது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்குப் போட்டார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம். அந்த மிச்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். இதற்கு நடுவில்தான் 1965இலும் 1969இலும் அணைகள் நிறைகின்றன. ஊர் தண்ணியில் போனபோது அந்த ஊரைச் சுற்றியிருந்த பெரும்பாலானோருக்கு அதைப் பற்றிக் கேள்வி கேட்க ஒரு எம்.பி. இல்லை, எம்.பி.யைத் தெரிவு செய்யும் வாக்கும் இல்லை. டவுனாவது கரைக்கு இடம் மாறியது. அம்மாயியோட பெரியண்ணன் குடும்பம் எழுபதுகளில் தலைமன்னார் போய் ராமானுஜம் கப்பல் ஏறியது.

அணையே கட்டியிருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இதை எழுதுகிற போனுக்கு சார்ஜ் எங்கிருந்து வருதுன்னு எனக்கும் தெரியும். ஆனால் அந்த மின்சாரம் எங்க லயத்துக்கு வந்தது எங்க அம்மா கல்யாணமான பிறகுதான். அதுவரை குப்பி லாம்பு. மவுசாகலைக்கு ஊரைக் கொடுத்த அம்மாயி, இருபது வருடத்துக்கு மேல் மண்ணெண்ணெய் வாங்கினாங்க.

கடைசி நிறுத்தம் காசல்ரீ. அங்கே கரை மேட்டில் 1878இல் கட்டிய வோர்லி தேவாலயம் இருக்கிறது, சின்னக் கல் கட்டடம். முற்றத்தில் தோட்டத் துரைமாரின் கல்லறைகள், பெயரும் ஆண்டும் தெளிவாக வெட்டியிருக்கு. கைடு ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். அங்கே நிற்கும்போது சயாம் ரயில் பாதைதான் மறுபடி ஞாபகத்துக்கு வந்தது.

திரும்பும்போது கைடு முன் சீட்டிலிருந்து எழும்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பழைய மஸ்கெலியா பற்றி என் அம்மாயி சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். கோயில் எந்தப் பக்கம், பள்ளிவாசல் எந்தப் பக்கம் என்று கேட்டார். எனக்குச் சரியாகத் தெரியவில்லை. "கேட்டுச் சொல்றேன்" என்று நம்பரை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வர ஒன்பது மணியாகிவிட்டது. அம்மாயி தூங்காமல் இருந்தாங்க. போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். கண்ணுக்குக் கிட்ட வைத்து, விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாங்க.

"தண்ணி நெறைஞ்சிருக்கே."

"ஆமா அம்மாயி."

"அப்ப ஒன்னும் தெரிஞ்சிருக்காது. மாசி, பங்குனியில மழை இல்லாத வருசமாப் பார்த்துப் போகணும். என்னையும் கூட்டிட்டுப் போ."

கோயில் எந்தப் பக்கம் என்று கேட்டேன். படத்தில் ஒரு இடத்தில் விரல் வைத்தாங்க, பிறகு எடுத்துவிட்டு, கொஞ்சம் இடது பக்கமாக வைத்தாங்க.