நல்லெண்ணெயும் நரம்பு நோயும்

பதினான்காம் நூற்றாண்டில் அரசிருக்கையாய் விளங்கியது கம்பளை. அதனைச் சூழ்ந்த மலைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தேயிலைத் தோட்டங்களாயின. அவற்றை உழைத்து உருவாக்கிய தமிழ்த் தொழிலாளர், தென்னகத்திலிருந்து தம் வழக்கங்களையும் உடன் கொணர்ந்தனர். பெண் பூப்பெய்திய காலத்து, உடல் வலுப்பெறும் பொருட்டு நல்லெண்ணெய் உண்ணக் கொடுத்தல் அவற்றுள் ஒன்று.

1977, 1978 ஆகிய ஆண்டுகளில் இலங்கைத் தோட்டப் பகுதிகளிலே தமிழ்ச் சிறுமியர் 20 பேருக்கு மேற்பட்டோர் கைகால் தளர்ந்து துன்புற்றனர். நோயுற்றோர் அண்மையிற் பருவமெய்தியவராய் இருந்தமை ஆராய்ச்சிக்கு வழிகாட்டிற்று. அவர்கள் உண்ட நல்லெண்ணெயிலே திரிக்கிறெசில் பொசுபேற்று என்னும் நஞ்சு கலந்திருந்தது. கம்பளைக்கு அண்மையிலுள்ள பேராதனை மருத்துவ பீடத்தைச் சேர்ந்த நிமால் சேனநாயக்கவும், ஜெயரத்தினமும் இதனை 1981இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். முன்னர்க் கனிய எண்ணெய் வைத்திருந்த கலங்களில் நல்லெண்ணெயை ஏற்றியமையாற் கலப்பு நேர்ந்திருக்கலாம் என்பது அவர்தம் கருத்து. ஆகவே, பிழை சடங்கின்பாற்பட்டதன்று. அதற்கென வாங்கிய எண்ணெய் தூயதாய் வந்து சேராமையின்பாற்பட்டதே.

இந்நஞ்சு உண்டவுடன் நரம்பைத் தாக்குவதன்று. ஓரிரு வாரங் கழிந்தபின், நெடிய நரம்பிழைகள் நுனியிலிருந்து சிதையத் தொடங்கும். எனவே பாதங்களே முதலில் தளரும். மூன்றாண்டுகள் நோயாளரைத் தொடர்ந்து நோக்கிய சேனநாயக்க, வெளிநரம்புகள் தேறிய பின்னரும் தண்டுவடச் சேதத்தின் குறிகள் சிலரிடம் எஞ்சக் கண்டார்.

உலகம் இதனை முன்னரே அறிந்திருந்தது. 1930இல் அமெரிக்காவில், மதுவுக்கு மாற்றாகப் பருகப்பட்ட இஞ்சிச் சாற்றிலே இந்நஞ்சு கலக்கப்பட்டமையால் ஆயிரக்கணக்கானோர் முடமாயினர். 1959இல் மொறொக்கோவில், விமான எந்திர எண்ணெய் சமையலெண்ணெயிற் கலந்து விற்கப்பட்டமையாற் சுமார் 10,000 பேர் நோயுற்றனர். அங்கெல்லாம் பெற்ற அறிவு, தோட்டத்து லயங்களுக்கு எண்ணெய் கொண்டுவந்த கலங்களைக் காக்க உதவவில்லை.

பின்னர் 1987இல், சேனநாயக்கவும் கரல்லியத்தவும், இதனோடு இனமொத்த பூச்சிகொல்லிகளால் நேரும் மற்றொரு தசைத்தளர்ச்சியை உலகிற்கு விளக்கினர். நரம்பு நோய்களுக்குச் சூழலிற் காரணந் தேடும் முயற்சி இன்று எங்கும் வளர்ந்துள்ளது. அத்தேட்டத்திற்கு ஆய்வுகூடம் இன்றியமையாதது. எனினும் நோயாளர் என்ன உண்டனர், அது எக்கலத்தில் வந்தது என்று கேட்டறிதலும் அதனோடொத்த கடமையாகும். அச்சிறுமியரின் துன்பம் நமக்கு உணர்த்துவது இதுவே.