ஒரு நிறத்தில் ஐந்து நகரங்கள்

'றோம்: டோட்டல் வோர்' 2004இல் வந்த கேம். எந்தப் பழைய லப்டொப்பிலும் ஓடும் என்பதால் இண்டைக்கும் ஹொஸ்டல் அறைகளிலை உயிரோடை இருக்கு. 2021இல் படங்களைப் புதுப்பித்து மறுபடியும் வெளியிட்டார்கள். விளையாடுகிறவர்களில் முக்கால்வாசிப்பேர் உரோமை எடுப்பார்கள். எடுத்தால் வெல்லலாம், அவ்வளவுதான். கிரேக்க நகரங்கள் என்ற தரப்பை எடுக்கிறவர்கள் குறைவு. எடுத்தவர்களிலும் பாதிப்பேர் முதல் இருபது டேர்னுக்குள் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

ஏன் கஷ்டம் என்பது வரைபடத்தைத் திறந்தவுடனேயே தெரியும். கேம் தொடங்குவது கி.மு. 270இல். உங்கள் கையில் ஐந்து நகரங்கள் இருக்கும்: கிரேக்கத்தின் தெற்கே ஸ்பார்ட்டா, மேற்கே தெர்மொன், சிசிலித் தீவில் சிராக்கூஸ், சின்னாசியாவில் பேர்கமொன், அதற்குத் தெற்கே கடலில் ரோட்ஸ் தீவு. ஒன்றுக்கு ஒன்று எல்லையே முட்டாது. ஸ்பார்ட்டாவிலிருந்து படை கிளம்பி சிராக்கூஸுக்குப் போய்ச்சேர முதல் அங்கே மதிலில் ஏணி சாத்தி முடிந்திருக்கும். சிசிலியின் மற்ற இரண்டு மூலைகளில் ஒன்றில் உரோமின் சிப்பியோ குடும்பம், மற்றதில் கார்த்தேஜ். இத்தாலியின் குதிகாலில் இருக்கிற புருட்டஸ் குடும்பத்துக்கோ கடலைக் கடந்தால் கிரேக்கம். நடுவிலை கொரிந்தை வைத்துக்கொண்டு மக்கெடோனியா. பேர்கமொனுக்குப் பக்கத்து வீடு செலூக்கியப் பேரரசு. உரோமின் ஒரு குடும்பத்தோடு கொழுவினால் மற்ற இரண்டும் செனற்றும் சேர்ந்தே வரும்.

இதற்கெல்லாம் விளையாடுகிறவர்கள் வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். முதலில் கொரிந்தை எடு, கிரேக்கத்தை ஒரு துண்டாக்கு, துறைமுகங்களைக் கட்டு, கடல் வியாபாரத்தில் காசு பார். சிலபேர் ஒரு தூதுவரை அனுப்பி சிராக்கூஸை ஆருக்காவது வித்துப்போட்டு நிம்மதியாக இருப்பார்கள். நான் சொல்ல வந்தது அந்த உத்திகளைப் பற்றி இல்லை. ஐந்து நகரங்களுக்கும் ஒரே நிறம் பூசியிருக்கிறதே, அதைப் பற்றி. அப்படி ஒரு தரப்பு கி.மு. 270இல் இருக்கவே இல்லை.

ஒவ்வொன்றாகப் பார்த்தால் கூத்து விளங்கும். பேர்கமொனை அப்போது வைத்திருந்தவர் பிலெடேரஸ். அவர் ஒரு அண்ணகர். லிசிமாக்கஸ் என்ற மன்னனின் 9000 தலெந்து பொக்கிஷத்துக்குக் காவலாக இருந்தவர், பிறகு கட்சி மாறி, பொக்கிஷத்தோடு செலூக்கியரின் நிழலுக்குள் போனார். காசுகளிலும் செலூக்கஸின் முகத்தைத்தான் அடித்தார். கேமில் பேர்கமொனுக்குப் பெரிய ஆபத்தே செலூக்கியர்தான்! தெர்மொன் உண்மையில் ஒரு பெரிய நகரம்கூட இல்லை, ஏடோலியக் கூட்டமைப்பு ஆண்டுக்கொருக்கால் கூடுகிற கோயிலிடம். ரோட்ஸ் எந்த மன்னனுக்கும் கீழே இல்லாத வியாபாரக் குடியரசு. ஸ்பார்ட்டா, அதற்கு இரண்டு வருடம் முன்னர் 272இல், எபிரஸ் மன்னன் பிர்ரஸின் முற்றுகையிலிருந்து மயிரிழையில் தப்பியது. பெண்களும் இரவோடிரவாக அகழி வெட்டினார்கள் என்று புளூட்டார்க் எழுதுகிறார். அந்த நேரத்தில் உதவிக்கு வந்த படைகளில் ஒன்று ஆருடையது எண்டு நினைக்கிறீங்கள்? மக்கெடோனிய மன்னன் அன்டிகோனஸுடையது. நான்கைந்து வருடத்தில் அதே ஸ்பார்ட்டா ஏதென்ஸோடு சேர்ந்து அதே அன்டிகோனஸை எதிர்த்துப் போருக்குப் போனது. ஸ்பார்ட்டாவின் மன்னன் ஆரியஸ் 265 அளவில் கொரிந்துக்குப் பக்கத்தில் செத்துப்போனான்.

சிராக்கூஸின் கதைதான் எனக்குப் பிடித்தது. கேமில் சிப்பியோ குடும்பத்துக்கு செனற் கொடுக்கிற முதல் வேலையே சிராக்கூஸைப் பிடிப்பது. ஆகவே பத்துப் பதினைந்து டேர்னுக்குள், அதாவது ஏழெட்டு வருடத்துக்குள், அது அநேகமாக விழும். உண்மையில் அது விழுந்தது 212இல். அம்பத்தெட்டு வருடம் கழித்து! இடையில் என்ன நடந்தது?

இரண்டாம் ஹீரோன் நடந்தார். 264இல் மெஸானா நகரத்தை வைத்து சண்டை தொடங்கியபோது அவர் முதலில் கார்த்தேஜோடு நின்றார். அடுத்த வருடமே உரோமப் படை பெரிதாக வந்திறங்கியதைப் பார்த்தார், கணக்குப் போட்டார், 100 தலெந்து கட்டி உரோமோடு ஒப்பந்தம் செய்தார். அதற்குப் பிறகு சாகும்வரை, 215வரை, உரோமின் நண்பர். முதலாம் பியூனிக் போர் முழுவதும் உரோமப் படைக்குத் தானியம் போனது அவரிடமிருந்து. ஆனால் போர் முடிந்து கார்த்தேஜ் தன்னுடைய கூலிப்படைகளின் கலகத்தில் சாகக் கிடந்தபோது, ஹீரோன் அதற்கும் உதவி அனுப்பினார். ஏன்? கார்த்தேஜ் ஒரேயடியாக அழிந்துபோனால் உரோமுக்குத் தன்னுடைய தேவை இல்லாமல் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இதைச் சொல்வது நானில்லை, பொலிபியஸ். சொல்லிவிட்டு அந்த ஆளின் விவேகத்தைப் பாராட்டவும் செய்கிறார்.

இந்த அம்பது வருட நழுவலைக் கேமில் செய்ய முடியாது. உரோமோடு கூட்டு வைத்தால் ஐந்து டேர்னில் அது முறியும். பாதுகாப்பில் இருக்கிற நாடாக மாற ஒரு பொத்தான் இருக்கிறது, ஆனால் அதை அமத்துகிறவன் வெல்லமாட்டான், ஏனென்றால் வெற்றி என்பது அங்கே நிலம் பிடிப்பது மட்டும்தான். ஹீரோனுக்குப் பிறகு பதினைந்து வயதுப் பேரன் ஹிரோனிமஸ் வந்தான், ஹனிபாலின் வெற்றிகளைப் பார்த்து கார்த்தேஜ் பக்கம் சாய்ந்தான், ஒரு வருடத்துக்குள் கொலைசெய்யப்பட்டான். பேந்து மார்செல்லஸின் முற்றுகை, ஆர்க்கிமிடீஸின் இயந்திரங்கள், 212இல் நகரமும் போச்சு, ஆர்க்கிமிடீஸும் போச்சு. எல்லாருக்கும் தெரிந்தது இந்தக் கடைசி இரண்டு வருடம்தான். முந்தின அம்பது வருடத்தில் எந்த மதிலும் இடியாததால் அதற்குப் படமும் இல்லை, கேமும் இல்லை.

சண்டைக்களத்தில் கேம் பரவாயில்லை. கிரேக்கரின் பலம் பலாங்ஸ். நீட்டிய ஈட்டிகளோடு வரிசையாக நிற்கிற அந்தச் சுவரைப் பாலத்தின் முனையிலோ ஒரு தெருவுக்குக் குறுக்கேயோ நிறுத்திவிட்டால் மூன்று மடங்கு எதிரி வந்தாலும் முன்பக்கத்தால் உடைக்க ஏலாது. திறந்த வெளியில் நிறுத்தினால், பக்கத்தால் ஒரு குதிரைப்படை வந்து முட்டுகிற வரைதான் கதை. கிரேக்கரிடம் நல்ல குதிரைப்படையும் இல்லை. 197இல் கைனோஸ்செபலே என்ற இடத்தில் நடந்ததும் இதுதான். ஐந்தாம் பிலிப்பின் வலப்பக்கப் பலாங்ஸ் உரோமரைத் தள்ளிக்கொண்டு மேட்டால் இறங்க, பேர் தெரியாத ஒரு உரோம அதிகாரி இருபது சிறு அணிகளைத் திருப்பிக்கொண்டுபோய்ப் பின்னால் அடித்தார். அவ்வளவுதான். பலாங்ஸுக்குத் திரும்பத் தெரியாது.

ஆனால் ஒன்று. கேமில் வருகிற ஹொப்லைட்டுகள் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு உடுப்பில், மக்கெடோனியப் பாணியில் ஈட்டி நீட்டிக்கொண்டு நிற்பார்கள். ஸ்பார்ட்டாவில் அந்த நீள ஈட்டி வந்ததே 220களில், மூன்றாம் கிளியோமெனஸின் காலத்தில்.

ஸ்பார்ட்டன் ஹொப்லைட்டைப் பற்றி நாலு வசனம் சொல்லாமல் விட ஏலாது, ஏனென்றால் கனபேர் இந்தத் தரப்பை எடுப்பதே அந்தப் படையணிக்காகத்தான். கேமிலேயே மிகப் பலமான காலாட்படைகளில் ஒன்று. காசும் கட்டடமும் இருந்தால் ஸ்பார்ட்டாவில் தொடர்ந்து எடுக்கலாம். ஆள் எடுத்தால் நகரத்தின் சனத்தொகை குறையும், அது இந்தக் கேமில் நல்ல ஒரு விசயம். ஆனால் கொஞ்ச டேர்னில் பிள்ளைகள் பிறந்து இலக்கம் மறுபடி ஏறிவிடும். உண்மையான ஸ்பார்ட்டாவில் ஏறவில்லை. அங்கே குடியுரிமை என்பது பொதுச்சாப்பாட்டுக்குத் தன் பங்கைக் கொடுக்கக்கூடிய நிலம் வைத்திருப்பது. நிலம் போனால் குடிமகனும் இல்லை, படைவீரனும் இல்லை. நிலமோ கொஞ்சம் கொஞ்சமாகச் சில குடும்பங்களின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆயிரம்பேர்கூட இல்லை என்று அரிஸ்டோட்டில் தன் காலத்திலேயே எழுதிவிட்டார். 240களில் நான்காம் ஏகிஸ் மன்னனாக வந்தபோது 700 பேருக்கு மேல் இல்லை, அதிலும் நிலம் இருந்தது 100 பேரளவுக்குத்தான் என்பது புளூட்டார்க் தருகிற கணக்கு. ஏகிஸ் கடனை ரத்துச்செய்து நிலத்தைப் பகிர்ந்து கொடுக்க வெளிக்கிட்டான். 241இல் அவனை மறியலில் வைத்துக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். தாயையும் பாட்டியையும் சேர்த்து. கொன்றது உரோமரோ மக்கெடோனியரோ இல்லை. ஸ்பார்ட்டாவின் காணிக்காரர்.

உயர்தரத்தில் கிரேக்க உரோம நாகரிகம் எடுத்த ஆரைக் கேட்டாலும் ஒரு வசனம் வரும்: கிரேக்கரிடம் ஒற்றுமை இல்லை, அதனால் தோற்றார்கள். கேமும் அதைத்தான் படமாகக் காட்டுகிறது. ஒரே நிறம் பூசி, ஒரே ஆளின் கையில் கொடுத்து, இப்போது செய்து காட்டு பார்ப்போம் என்கிறது. எனக்கு இந்த வசனத்தில் ஒரு சின்னக் கோபம் இருக்கு. ஒற்றுமை என்றால் ஆருக்குக் கீழே?

217இல் நவுபக்டஸ் என்ற ஊரில் ஒரு சமாதானக் கூட்டம் நடந்தது. ஏடோலியக்காரர் அகெலவுஸ் எழும்பிப் பேசினார். மேற்கே உரோமும் கார்த்தேஜும் மோதுகின்றன, எது வென்றாலும் இத்தாலியோடும் சிசிலியோடும் நிற்காது, அந்த முகில் இங்கேயும் வரும், ஆகவே எங்களுக்குள் அடிபடுவதை நிப்பாட்டுவோம் என்பது பேச்சின் சாரம். பொலிபியஸ் பதிந்து வைத்திருக்கிறார். இன்றுவரை எல்லாரும் எடுத்துக்காட்டுகிற பேச்சு. ஆனால் அது ஐந்தாம் பிலிப்பைப் பார்த்துச் சொன்ன பேச்சு. அவன் கிரேக்கத்தைத் தன் உடம்பைப்போலக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் அடுத்த பாதி. அதாவது ஒற்றுமை பிலிப்பின் தலைமையில். அந்தப் பிலிப்தான் முந்தின வருடம், 218இல், தெர்மொனுக்குள் புகுந்து கோயிலை எரித்து, 2000க்குக் குறையாத சிலைகளை விழுத்திவிட்டுப் போனவன்.

ஆறு வருடம் கழித்து, 211இல், ஏடோலியர் உரோமோடு கையெழுத்து வைத்தார்கள். பிடிக்கிற நகரங்கள் ஏடோலியருக்கு, தூக்கிக்கொண்டு போகக்கூடிய கொள்ளை உரோமருக்கு. எங்களுக்கு முடிவு தெரிந்திருப்பதால் இது துரோகமாகத் தெரியும். தெர்மொனில் எரிந்த தூண்களுக்கு நடுவில் நின்றவனுக்கு? உரோம் கடலுக்கு அப்பால், ஹனிபாலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு நாடு. பிலிப் பக்கத்து மலைக்கு அந்தப் பக்கம். மேலேயிருந்து முழு வரைபடத்தையும் பார்த்துக்கொண்டிருந்த ஆள் அன்றைக்கு ஒருவரும் இல்லை.

அதற்காக ஏடோலியரை வெள்ளையடிக்கவும் தேவையில்லை. 192இல் ஸ்பார்ட்டாவின் ஆட்சியாளன் நாபிஸ் அவர்களிடம் உதவி கேட்டான். அனுப்பினார்கள், 1000 காலாட்களும் 30 குதிரைவீரரும். வந்தவர்கள் படைப்பயிற்சி நடக்கும்போதே நாபிஸைக் குத்திக் கொன்றுவிட்டு மாளிகையைக் கொள்ளையடிக்கப் போனார்கள். அந்த இடைவெளியில் ஸ்பார்ட்டர்கள் சுதாரித்து அவர்களில் அநேகரைக் கொன்றார்கள். வரைபடத்தில் ஸ்பார்ட்டாவும் தெர்மொனும் ஒரே நிறம், ஞாபகம் இருக்கட்டும்.

இந்தக் குறை வேறு ஆக்களுக்கும் பட்டிருக்கிறது. 'யூரோப்பா பார்பரோரும்' என்று வரலாற்றுப் பைத்தியங்கள் சேர்ந்து சம்பளம் இல்லாமல் செய்த ஒரு மொட் இருக்கிறது. அதில் இந்தத் தரப்பை ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மக்கெடோனியாவுக்கு எதிராகச் சேர்ந்த அந்த 260களின் கூட்டணியாக மாற்றியிருக்கிறார்கள். பேர்கமொனும் சிராக்கூஸும் இல்லை. காசும் இல்லை. இன்னும் கஷ்டம், ஆனால் இன்னும் உண்மை. கேமைக் கையில் வைத்திருக்கிறவர்கள் அதை ஒருக்கால் போட்டுப் பாருங்கோ.

மிஞ்சுவது ரோட்ஸ். கேமில் அங்கே கொலோசஸ் சிலை என்றைக்கும் விழாமல் நின்று உங்கள் கடல் வருமானத்தைக் கூட்டிக்கொண்டே இருக்கும். உண்மையில் அது கி.மு. 226 அளவில் வந்த பூகம்பத்தில் முழங்காலோடு முறிந்து விழுந்தது. அப்போது ஒன்றோடொன்று சண்டையில் இருந்த மன்னர்கள் எல்லாரும் ரோட்ஸுக்குக் காசும் மரமும் தானியமும் அனுப்பினார்கள். எகிப்து, மக்கெடோனியா, செலூக்கியர், எங்கள் கிழவர் ஹீரோன் உட்பட. அந்தத் துறைமுகம் படுத்தால் தங்கள் வியாபாரமும் படுக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

உரோமர் ரோட்ஸைப் பிடிக்க அப்போது ஒரு கப்பலும் அனுப்பவில்லை. மக்கெடோனியாவோடான கடைசிப் போரில் ரோட்ஸ் நடுவில் நின்று சமாதானம் பேசப் பார்த்தது, அது உரோமுக்குப் பிடிக்கவில்லை. போர் முடிந்ததும், 167–166 அளவில், டெலோஸ் தீவை ஏதென்ஸிடம் கொடுத்து, அங்கே வரி இல்லை என்று அறிவித்தார்கள். ரோட்ஸ் துறைமுகத்தின் ஆண்டு வருமானம் 10 இலட்சம் திரக்மாவிலிருந்து ஒன்றரை இலட்சத்துக்கு இறங்கியது. 164இல் ரோட்ஸ் தூதுவர்கள் தாங்களாகவே உரோமுக்குப் போய், கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டு, ஒப்பந்தத்தோடு திரும்பி வந்தார்கள்.